கொட்டாஞ்சேனையில் பார்ஸ்னிப்: முளைத்த விதையும் திரளாத கிழங்கும்

ஓகஸ்ட் முதல் கிழமை. எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு அக்கா ஒரு விதைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"தம்பி, இது நத்தாருக்குள்ள கிழங்கு வைக்குமே?"

பொட்டலத்தில் கரட் மாதிரி ஒரு படம். ஆனால் நிறம் தோலுரித்த மரவள்ளியின் நிறம். பார்ஸ்னிப். அக்கா 26 வருடம் லண்டனில் இருந்துவிட்டு, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். அந்த வருட நத்தாருக்கு மகள் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. அங்கே நத்தார் மேசையில் கோழியோடு பார்ஸ்னிப்பும் அவணில் வாட்டி வைப்பார்களாம். வெண்ணெயும் கொஞ்சம் தேனும் பூசி, விளிம்பு கருகும்வரை. பேரப்பிள்ளைகளுக்கு அது இல்லாவிட்டால் நத்தார் இல்லை.

நான் 30 வருடம் விவசாயப் போதனாசிரியராக வேலை பார்த்தவன். கத்தரி, மிளகாய், வெண்டி, பயிற்றை என்று தொடங்கி, கடைசி ஏழு வருடம் நுவரெலியாப் பக்கம் கரட், லீக்ஸ், கோவா. பார்ஸ்னிப்பைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. "கொழும்பில வராது அக்கா" என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஏன் வராது என்று அவர் திருப்பிக் கேட்டால் "சூடு" என்ற ஒற்றைச் சொல்லுக்கு மேல் என்னிடம் பதில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சூடு எங்கே அடிக்கிறது? விதையிலா, இலையிலா, கிழங்கிலா? ஏழு மாதம் கழித்து, குறிப்புக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

கிழங்கும் வளவும்

பார்ஸ்னிப் கரட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், ஓமம், நாங்கள் சம்பல் போடும் வல்லாரை எல்லாம் அதே குடும்பம்தான். இலையைக் கசக்கி மணந்தால் உறவு தெரியும். முதல் வருடம் இலையும் கிழங்கும் வைத்து, ஒரு குளிர்காலத்தைக் கடந்தபின் இரண்டாம் வருடம் பூத்துக் காய்க்கும் பயிர் இது. சீனி மலியாத காலத்து ஐரோப்பாவில் பலகாரத்துக்கு இனிப்புச் சேர்க்கவும் இந்தக் கிழங்கு பயன்பட்டது. இந்த ஆய்வுக்கு இதில் முக்கியமானது இனிப்பு மட்டுமே. பார்ஸ்னிப் மண்ணுக்குள் இருக்கும்போதே குளிர் பட்டால் தன் மாப்பொருளை வெல்லமாக மாற்றிக்கொள்ளும். உறைபனி விழுந்தபிறகு கிண்டிய கிழங்குதான் ருசி என்று குளிர்நாட்டுத் தோட்டக்காரர் சொல்வது இதனால்தான்.

அக்காவின் பின்வளவு மூன்று கட்டில் போடும் அளவு இருக்கும். 2022 இல், வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு விட்ட நேரம், ஒழுங்கை முழுக்க மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அப்போது வெட்டிய பாத்தி. பாதிப்பேர் பிறகு விட்டுவிட்டார்கள், அக்கா விடவில்லை. கறிவேப்பிலை, ரம்பை, கொச்சி மிளகாய், ஒரு தேசி மரம். மேலே ஒரு சாண் ஆழத்துக்கு நல்ல கறுப்பு மண். அதற்குக் கீழே கபுக் கல்லும் பழைய வீட்டின் ஓட்டுத் துண்டுகளும். மிளகாய்க்கு ஒரு சாண் போதும். முழம் ஆழத்துக்கு நேராக இறங்கப் பார்க்கும் ஆணிவேருக்குப் போதாது.

அந்த முதற் பொட்டலத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மகள் போன தடவை வந்தபோது சூட்கேசில் வைத்துக் கொண்டுவந்தது அது. அப்படிக் கொண்டுவரக்கூடாது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவர முன்அனுமதி வேண்டும். கட்டுநாயக்காவில் தாவரத் தடுப்புக்காப்புச் சேவையும் இருக்கிறது. ஒரு பொட்டலம்தானே என்று தோன்றும். விதையோடு வரும் பூஞ்சணத்துக்குப் பொட்டலத்தின் அளவு ஒரு பொருட்டல்ல. அக்காவிடம் இதைச் சொன்னேன். "மகளிட்டச் சொல்லுறன்" என்றார். ஆனால் விதையைத் தரமாட்டேன் என்பதுபோல் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நானும் மேலே பேசவில்லை. உத்தியோகத்தில் இருந்திருந்தால் பேசியிருப்பேன்.

முதல் விதைப்பு: குப்பைக்கீரை

பாத்தியைக் கொத்தி, கல் பொறுக்கி, அரை அங்குல ஆழத்தில் 60 விதை. பார்ஸ்னிப் விதை காகிதச் சருகு போலிருக்கும், ஊதினால் பறக்கும். அக்கா காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் விட்டார். மூன்றாம் கிழமை வரிசையாகப் பச்சை தெரிந்தது. ஒழுங்கையே வந்து பார்த்தது. இன்னும் ஐந்து நாளில் அவை குப்பைக்கீரை என்று தெரிந்துவிட்டது. வரிசையில் தண்ணீர் விட்டதால் வரிசையில் முளைத்திருக்கின்றன, அவ்வளவுதான். அக்கா அதைப் பிடுங்கிச் சுண்டிவிட்டார். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

நான்கு கிழமையில் ஒரு பார்ஸ்னிப்பும் இல்லை. சந்தேகப்பட இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று விதை. பார்ஸ்னிப் விதைக்கு ஆயுள் குறைவு, ஒரு வருடம் தாண்டினாலே முளைதிறன் விழத் தொடங்கும். அக்காவின் பொட்டலம் 14 மாதம் குசினித் தட்டில், அடுப்புக்கு மேலே இருந்தது. கொழும்பின் ஈரக்காற்றும் அடுப்புச் சூடும் சேர்ந்தால் விதை இன்னும் வேகமாகக் கிழடாகும். மிச்சம் இருந்ததில் 20 விதையை ஈரத் துணியில் சுற்றி, ஏசி போடும் அறையில் வைத்தேன். மூன்று கிழமையில் இரண்டு முளைத்தன. பத்தில் ஒன்று. ஆக, பெரிய குற்றவாளி விதைதான் என்று அன்று எழுதிவைத்தேன்.

அது பாதி உண்மை. மற்ற ஆளை அடுத்த விதைப்பில்தான் பிடித்தேன்.

இரண்டாவது: வெப்பமானி வந்தது

புறக்கோட்டையில் விதைக்கடையொன்றில் அந்த வருடத் திகதி போட்ட புதுப் பொட்டலம் கிடைத்தது. செப்டெம்பர் நடுவில் இன்னும் 60 விதை அதே பாத்தியில் போட்டோம். இம்முறை ஒரு பாதிக்கு ஈரச் சாக்கு விரித்தேன், மறுபாதி வெறும் மண். அக்காவின் வீட்டில் எண்ணெய்ச் சூடு பார்க்கும் கம்பி வெப்பமானி ஒன்று இருந்தது. அதை இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் குத்தி, தினமும் பிற்பகல் இரண்டு மணிக்குப் பார்த்தேன். வெறும் மண்ணில் 37, 38, ஒருநாள் 40 பாகை. சாக்கின் கீழ் 30, 31.

முளைப்பு வேகத்துக்கென்று பழைய அட்டவணை ஒன்று உண்டு. மண் 10 பாகை செல்சியஸில் இருந்தால் பார்ஸ்னிப் முளைக்க 27 நாள். 20 பாகையில் 14 நாள். 25 இல் 15 நாள். 30 பாகைக்குப் போனால் 32 நாள். 35 இல் முளைக்கவே முளைக்காது. குளிர் இடத்தில் மெல்ல வரும், சூட்டில் சீக்கிரம் வரும் என்றுதான் மிளகாய், பயிற்றை வைத்துப் பழகியவன் நினைப்பான். இந்த விதை 25 பாகையைத் தாண்டியதும் திரும்பி நடக்கிறது. அப்படியானால் வெறும் மண்ணில் போட்ட எந்த விதையும், நேற்றுப் பறித்த விதையென்றாலும், பிற்பகல் இரண்டு மணியைக் கடக்காது. சாக்கின் கீழ் போட்டதற்கு ஒரு மாதம் காத்திருக்கவேண்டும். ஒரு மாதம் ஈரமாக இருக்கும் சாக்கின் கீழ் விதையைவிட எறும்பும் பூஞ்சணமும்தான் நன்றாக வாழும்.

நடந்ததும் அதுதான். வெறும் மண்ணில் ஒன்றுமில்லை. சாக்கின் கீழ் 30 விதையில் ஏழு முளைத்தன. ஒக்டோபரில் இடைப்பருவ மழை தொடங்கி, பிற்பகல் இடியோடு கொட்டியதில் ஐந்து நாற்று அடித்தண்டு அழுகிச் சரிந்தன. மிஞ்சிய இரண்டையும் கவலைப்படாமல் விட்டுவைத்தோம். ஜனவரியில் கிண்டிப் பார்த்தபோது ஒன்று மூன்று காலோடு, கபுக் கல்லைச் சுற்றி வளைந்து, இஞ்சித் துண்டுபோல் இருந்தது. மற்றதில் வேர் முழுக்கச் சிறு முடிச்சுகள். வேர்முடிச்சை உண்டாக்கும் வட்டப்புழு. சூடான மண்ணில் கத்தரி, தக்காளி, வெண்டி என்று மாறி மாறிப் போட்ட வளவில் அது இல்லாவிட்டால்தான் அதிசயம்.

மூன்றாவது: வாளியும் ஏசியும் கந்தப்பளையும்

இங்கேதான் இது ஆய்வு என்று சொல்லும்படி ஆனது. அதுவரை நடந்தது வெறும் தோல்வி.

ஒக்டோபர் முதற் கிழமை புதுப் பொட்டலத்திலிருந்து 40 விதையை எடுத்து, ஈரக் காகிதத்தில் பரப்பி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, எங்கள் படுக்கையறையில் வைத்தேன். இரவில் ஏசி 23 இல் ஓடும். பகலில் அந்த டப்பா ஒரு மண்சட்டிக்குள், சட்டி தண்ணீர்த் தட்டில். மனைவி எதுவும் சொல்லவில்லை, ஆனால் பார்த்த பார்வை கொப்பியில் எழுதும் தரத்தது. 13 ஆம் நாள் முதல் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. 19 ஆம் நாளுக்குள் 28 முளைத்துவிட்டன. ஆக, முளைப்புச் சிக்கல் தீர்ந்தது. கொழும்பில் பார்ஸ்னிப் முளைக்காது என்று இனி யாரும் என்னிடம் சொல்லமுடியாது.

வேர் அரை அங்குலம் போகுமுன் மண்ணில் வைத்துவிடவேண்டும். நாற்றுமேடையில் வளர்த்துப் பிறகு பிடுங்கி நட்டால் ஆணிவேர் முறிந்து கிழங்கு கவைக்கும். எட்டு 20 லீற்றர் பெயின்ற் வாளிகளைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டோம். அரித்த ஆற்று மணல் இரண்டு பங்கு, அலசிய தும்புத்தூள் ஒரு பங்கு, ஒரு வருடம் மக்கிய கூட்டெரு ஒரு பங்கு. பச்சைச் சாணி போட்டால் வேர் பிளக்கும். வாளிக்கு மூன்று என்று 24 நாற்று. மேலே மழைக்கு ஒரு பொலித்தீன் கூரை, டிசம்பர் நடுவரை அதற்கு மேல் நிழல்வலை. ஒன்பதாவது வாளியில், அதே கலவையில், நியூ குரோடா கரட் போட்டேன். சூடு தாங்கும் வகை அது. கலவையிலோ என் கைப்பழக்கத்திலோ பிழை இருந்தால் அந்தக் கரட் காட்டிக்கொடுக்கும்.

அத்தோடு, அதே பொட்டலத்திலிருந்து இன்னும் 40 விதையைத் தபாலில் கந்தப்பளைக்கு அனுப்பினேன். நுவரெலியாவுக்குப் பக்கத்தில், ஏறக்குறைய அதே உயரத்தில் உள்ள ஊர் அது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது. 1848 இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் அங்கே பண்ணை போட்டுத் தன் நாட்டு மரக்கறிகளைப் பயிரிட்ட காலத்திலிருந்தே அந்த மண்ணுக்கு இவை பழக்கம். நான் வேலையில் இருந்தபோது என்னிடம் பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவர் கந்தப்பளையில் லீக்ஸ் போடுகிறார். விதை கிடைத்ததும் போன் எடுத்தார்.

"சேர், இது என்னா சேர், நம்ம கெரட்டுக்கு அண்ணன் மாதிரி இருக்கு?"

பாத்தியில் ஒரு பங்கும், என்னுடையதைப் போலவே இரண்டு பெயின்ற் வாளியில் ஒரு பங்கும் போடச் சொன்னேன். வாளி வேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். விடவில்லை. வாளி இல்லாவிட்டால், கிழங்கு சிறுத்தது வாளியாலா ஊராலா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

நத்தார் வந்தது. மகள் வந்தார், பேரப்பிள்ளைகள் வந்தார்கள். வாளிகளில் முழங்கை உயரத்துக்கு இலை மட்டும் இருந்தது. சின்னவன் ஒரு வாளியைத் தூக்கி அடியிலிருந்த ஓட்டைக்குள் கண்ணை வைத்துப் பார்த்தான். அக்கா அந்த வருடம் வற்றாளங்கிழங்கை வாட்டி வைத்தார். பிள்ளைகள் தின்றார்கள், ஆனால் இது அது இல்லை என்று சொல்லிக்கொண்டே தின்றார்கள்.

கையில் வந்த கொப்புளம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன். பார்ஸ்னிப் போடும் ஆசை இல்லாதவரும் இதைப் படிக்கலாம்.

ஜனவரி தொடக்கத்தில் மழை விட்டு வெயில் பளிச்சென்று அடித்தது. வாளிகளில் இலை அடர்ந்து ஒன்றையொன்று மறைத்தது. ஒருநாள் முற்பகல் பதினொரு மணிபோல், அக்கா கையில்லாத வீட்டுச் சட்டையோடு நின்று வெளி இலைகளை ஒடித்து எடுத்தார். ஒடிக்கும்போது காம்பிலிருந்து வெளிர்ச் சாறு வரும். அவர் கவனிக்கவில்லை. அன்று ஒன்றுமில்லை. அடுத்தநாள் பின்னேரம் முன்னங்கையில் சிவந்து எரிவு. அதற்கடுத்த நாள் கொப்புளம்.

"மயிர்க்கொட்டி ஏதோ ஊர்ந்திட்டுது போல தம்பி."

கையைப் பார்த்தேன். மயிர்க்கொட்டி பட்ட தோல் திட்டாகத் தடிக்கும், உடனேயே கடிக்கும். இது கோடு கோடாக, சவுக்கால் அடித்தமாதிரி, காம்பு உரசிய இடத்தில் மட்டும் இருந்தது. அதுவும் ஒருநாள் கழித்து வந்திருக்கிறது. டொக்டரும் பார்த்ததும் என்ன செடி என்றுதான் முதலில் கேட்டாராம்.

பார்ஸ்னிப்பின் இலையிலும் தண்டிலும் பியூரனோகூமரின் என்ற வகைச் சேர்மங்கள் உண்டு. பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் எதிராகச் செடி தானே தயாரித்து வைத்திருப்பவை. அந்தச் சாறு தோலில் பட்டு, அதன்மேல் வெயிலின் புற ஊதாக் கதிர் விழுந்தால், அந்த இரண்டும் சேர்ந்து தோற்கலங்களை எரிக்கின்றன. ஒவ்வாமை இல்லை இது. யாருக்கும் வரலாம். சாறு மட்டும் பட்டால் ஒன்றுமில்லை, வெயில் மட்டும் பட்டாலும் ஒன்றுமில்லை. தேசிக்காயிலும் இதே வகைச் சேர்மம் உண்டு. தேசிக்காய் பிழிந்த கையோடு வெயிலில் நின்று புறங்கை கறுத்துப்போனவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

குளிர் நாடுகளில் இதைக் கோடைக்காலத் தொல்லை என்பார்கள். கொழும்பில் நண்பகலின் புற ஊதாச் சுட்டெண் வருடத்தின் பெரும்பகுதி 10 ஐத் தாண்டி நிற்கும். எங்களுக்கு ஜனவரியும் கோடைதான். கொப்புளம் பத்து நாளில் காய்ந்தது. அதன் தழும்பு மண்ணிறக் கோடாக மார்ச்சிலும் இருந்தது, மாதக்கணக்கில் இருக்கும் என்று டொக்டர் சொன்னபடியே. அதன்பிறகு பார்ஸ்னிப் வேலை எல்லாம் மாலை ஐந்தரைக்குப் பிறகு, நீளக்கைச் சட்டையோடு, முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு. பேரப்பிள்ளைகள் அக்கா இலை ஒடித்த நாளுக்கு மூன்று நாள் முன்னரே விமானம் ஏறிவிட்டார்கள். வாளியைத் தூக்கிப் பார்த்த சின்னவனை நினைத்து நான் ஒரு இரவு சரியாகத் தூங்கவில்லை. அக்காவிடம் பாதுகாப்பைப் பற்றி முன்கூட்டிச் சொல்லாதது என் பிழை. எனக்குத் தெரிந்திருந்த விடயம்தான் இது.

கிண்டிய நாள்

மார்ச் முதற் கிழமை. வாளியில் வைத்து 128 நாள். 24 நாற்றில் 16 மிஞ்சியிருந்தன, இரண்டை விட்டுவைத்து 14 ஐக் கிண்டினோம். இல்லை, கிண்டவில்லை, வாளியையே கவிழ்த்தோம். கவைத்தது ஒன்றுதான். மீதி எல்லாம் நேராக, அழகாக, வட்டப்புழு இல்லாமல் இறங்கியிருந்தன. ஆனால் தடிப்பு? பெரியது என் பெருவிரல் அளவு, 54 கிராம். சிறியது பென்சில். பதினான்கும் சேர்ந்து 420 கிராம். ஒன்பதாம் வாளியின் கரட் ஒரு மாதம் முன்னரே எடுத்தாகிவிட்டது. அந்த ஒரு வாளி மட்டும் 610 கிராம் தந்தது.

அதே கிழமை கந்தப்பளையிலிருந்து ஒரு சாக்குப் பொதி வந்தது. பாத்திக் கிழங்கு ஒவ்வொன்றும் 180, 200 கிராம், ஒன்று 260. வாளிக் கிழங்கு ஆறு, சராசரி 140 கிராம். விதை ஒன்று, வாளி ஒன்று, கலவையும் ஏறக்குறைய ஒன்று. கொழும்பு வாளியில் ஒரு கிழங்கு சராசரி 30 கிராம்.

வாளி கொஞ்சம் குறைக்கிறது, சரி. மிச்சத்தை எது குறைத்தது?

முதலில் என்னையே சந்தேகப்பட்டேன். கூட்டெருவில் நைதரசன் கூடி இலைக்கு இழுத்திருக்கலாம். ஆனால் அதே கலவையில் கரட் திரண்டது. டிசம்பர்வரை நிழல்வலை போட்டதால் வெளிச்சம் குறைந்திருக்கலாம். அதில் ஓரளவு உண்மை இருக்கும், அதை மறுக்கமாட்டேன். அந்த வலை இல்லாவிட்டால் நாற்று ஒக்டோபரிலேயே கருகியிருக்கும் என்பதும் உண்மை. தண்ணீர் குறையவில்லை. பகல் சூடு? பார்ஸ்னிப்புக்கு உகந்தது 15 முதல் 20 பாகை. கொழும்பின் 30, 31 பாகைப் பகலில் இலை முழு வேகத்தில் உழைக்காது. ஆனாலும் இலை வாடவில்லை, பச்சையாக, பெருத்துத்தான் இருந்தது. உழைக்காத இலை அப்படி இருக்காது.

கொப்பியில் இரவு வெப்பம் எழுதிய பக்கத்துக்கு வந்தபோதுதான் விளங்கியது. சுவரில் ஆகக்குறைந்த வெப்பத்தைக் காட்டும் வெப்பமானி தொங்கவிட்டிருந்தேன். நவம்பர் முதல் மார்ச் வரை கொட்டாஞ்சேனையில் 22 க்குக் கீழே போன இரவு ஒன்றுகூட இல்லை, பெரும்பாலும் 24. கந்தப்பளைத் தம்பி எழுதிவைத்ததில் ஜனவரி, பெப்ரவரியில் பல இரவுகள் 10 க்குக் கீழே. மூன்று விடியற்காலை புல்லில் வெள்ளையாக உறைபனி.

செடியும் மூச்சு விடுகிறது. பகலில் வெயிலில் சமைத்த வெல்லத்தின் ஒரு பங்கை இரவில் எரித்துத்தான் உயிரோடு இருக்கிறது. வெப்பம் 10 பாகை கூடினால் அந்த எரிப்பு ஏறக்குறைய இரட்டிக்கும். கந்தப்பளையில் 10 பாகை இரவு, எங்களிடம் 24. அங்கே ஒரு ரூபாய் செலவாகும் இரவுக்கு இங்கே இரண்டரை ரூபாய்க்கு மேல். கிழங்கு என்பது செலவு போக மிஞ்சிய சேமிப்பு. சம்பளம் முழுக்கக் கரண்ட் பில்லுக்குப் போகும் வீட்டில் சீட்டுக் கட்ட என்ன மிஞ்சும்? குரோடா கரட்டும் இதே இரவில்தான் நின்றது. ஆனால் அது சூட்டுக்கென்று பல தலைமுறை தெரிந்தெடுத்த வழி, சீக்கிரமும் முடித்துவிடும். பார்ஸ்னிப்பைத் தெரிந்தெடுத்து வளர்த்தவர்களோ குளிர்நாட்டுக்காரர்கள். பதினாறு மணித்தியாலப் பகலும் குளிர்ந்த இரவும் உள்ள ஜூன் மாதத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. எங்களிடம் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை.

விதைக்கு வேண்டிய குளிரைப் படுக்கையறையில் கொடுத்துவிட்டேன். மண்ணை வாளியில் மாற்றிவிட்டேன். மழைக்குக் கூரை போட்டேன். கொழும்பின் இரவை மட்டும் மாற்ற முடியவில்லை.

அவணில்

இனிப்புக்குக் கடைசியாக ஒரு வழி இருந்தது. கிண்டிய கிழங்கை 0 பாகைக்குக் கிட்டிய குளிரில் இரண்டு கிழமை வைத்தால், உறைபனி செய்யும் அதே வேலையைப் பிரிஜ் செய்யும். இரண்டு ஊர்க் கிழங்கிலும் பாதிப் பாதியை ஈரத் துணியில் சுற்றி, பிரிஜின் அடித்தட்டில் 2 பாகையில் 15 நாள் வைத்தோம். மற்றப் பாதியை அன்றே வாட்டினோம்.

கந்தப்பளைக் கிழங்கு வந்த அன்றே இனித்தது. பிரிஜிலிருந்து வந்தது இன்னும் கொஞ்சம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு தின்றார், ஒன்றும் பேசவில்லை. எங்கள் கொட்டாஞ்சேனைக் கிழங்கு அன்று வாட்டியதில் நல்ல மணம், ஆனால் மெல்லிய கசப்பு, நடுவில் நார். பிரிஜில் வைத்ததில் கசப்புக் குறைந்தது, இனிப்புப் பெரிதாக ஏறவில்லை. வெல்லமாக மாற உள்ளே மாப்பொருள் இருக்கவேண்டுமே. அதை இரவுகள் ஏற்கெனவே தின்றுவிட்டன.

"மணம் வந்திட்டுது தம்பி," என்றார் அக்கா. "ஆள் வரேல்லை."

மிச்சமிருந்த சிறியவற்றை அவர் தேங்காய்ப்பாலில், பச்சை மிளகாயும் கொஞ்சம் பெருஞ்சீரகமும் போட்டு வெள்ளைக்கறி வைத்தார். சொந்தக்காரப் பெருஞ்சீரகத்தோடு அது நன்றாகச் சேர்ந்தது. சோற்றோடு தின்ன அதுதான் சரியான வழி என்பது என் கட்சி. அக்கா ஒப்புக்கொள்ளமாட்டார்.

விட்டுவைத்த இரண்டும் இன்னும் குசினி வாசலில் ஒரு வாளியில் நிற்கின்றன. விதை எடுக்கலாம் என்று அக்கா நினைத்தார். பார்ஸ்னிப் பூக்கவேண்டுமானால் பல கிழமைக் குளிரைக் காணவேண்டும், இந்த வாசலில் அது இலை விட்டுக்கொண்டேதான் நிற்கும் என்றேன். கந்தப்பளைத் தம்பி தன் பாத்தியில் ஆறைக் கிண்டாமல் விட்டிருக்கிறார். போன கிழமை போனில் சொன்னார்: "சேர், நடுத்தண்டு மேல வருது. பூத்தா வெத எடுத்து அனுப்புறேன்."

அக்கா போனை என்னிடமிருந்து வாங்கினார். விதையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. பேலியகொடைச் சந்தைக்கு மரக்கறி லொறி எந்தெந்த நாள் வரும், நத்தாருக்கு நாலு கிலோ வேண்டுமென்றால் எந்த மாதம் விதை போடவேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.